தொப்பைக்கும் சேர்த்துக் காசு: கலர் கல்லைக் கஸ்டமா வெட்டி வாங்குறது எப்படி?

இன்னைக்கு எபிசோட் ராசிக்கல் பத்தி இல்ல. நிறத்துக்காகவும் வெட்டுக்காகவும் கல் சேர்க்கிறவங்களுக்கானது. கடையில இருக்கிற கல்லை வாங்கி மறுபடி வெட்டச் சொல்றதா, முதல்லயே கஸ்டம் கட் கல்லா வாங்குறதா? இந்தக் கேள்விக்கு நான் இலங்கை நீலக்கல்லை உதாரணமா எடுத்துக்கிறேன். இரத்தினபுரிப் பக்கத்துக் கல்லுல இதோட லாபமும் தெரியும், ஆபத்தும் தெரியும்.

கல் விற்கிறது கேரட் கணக்குல. ஒரு கேரட்னா 0.2 கிராம். அப்போ வெட்டுறவர் எடையைக் காப்பாத்தத்தான் முதல்ல பார்ப்பார். இங்க ராசிக்கல் வாங்குறவங்களும் 'இத்தனை கேரட்டுக்குக் குறையக்கூடாது'ன்னுதான் கேட்கிறாங்க, அதனால கனமான கல்லுக்கு எப்பவும் ஆள் உண்டு. விளைவு என்னன்னா, பல கல்லைப் பக்கவாட்டுல பார்த்தா அடியில தொப்பை போட்டிருக்கும். மோதிரத்துல வெச்சா அந்தத் தொப்பை கண்ணுக்கே தெரியாது. ஆனா அதுக்கும் கேரட் விலைதான்.

தொப்பையால அழகும் கெடுது. நீலக்கல்லோட ஒளிவிலகல் எண் சுமார் 1.76. அடிப்பட்டையோட சாய்வு 35 டிகிரிக்குக் கீழ போனா, மேலருந்து நேரா விழுற வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் திரும்பாது, அடி வழியா வெளியே போயிடும். தொப்பைக் கல்லோட பக்கங்கள் செங்குத்தா இறங்கி, அடிமுனை கிட்ட தட்டையாகும். அதனாலதான் ஓரத்துல நல்ல நீலம், நடுவுல வெளிறின ஓட்டை. இதை வியாபாரத்துல 'விண்டோ'ன்னு சொல்வாங்க. அச்சடிச்ச தாள் மேல கல்லை வெச்சுப் பாருங்க. நடுவுல எழுத்து படிக்க முடிஞ்சா விண்டோ இருக்கு. விற்கிறவர் அனுப்புற வீடியோவுல கல் சுத்திக்கிட்டே இருந்தா இது தெரியாது. அசையாம, ஜன்னலோர வெளிச்சத்துல, நேரா மேலருந்து எடுத்த படம் கேளுங்க.

அப்போ மறுபடி வெட்டிடலாமேன்னு தோணும். அவசரப்படாதீங்க. இலங்கை நீலக்கல் பலதுல நிறம் ஒரே சீரா இருக்காது. கல் முழுக்க வெள்ளையா இருந்து, நீலம் ஒரு சின்னத் திட்டா மட்டும் இருக்கும். கைதேர்ந்த உள்ளூர் வெட்டுக்காரர் அந்தத் திட்டு சரியா அடிமுனையில வர்ற மாதிரி கல்லைத் திருப்பி வெட்டுவார். அந்த ஒரு துளி நீலம் எல்லாப் பட்டையிலும் பிரதிபலிச்சு, மேலருந்து பார்த்தா கல் மொத்தமும் நீலமாத் தெரியும். எனக்கு இது ஏமாத்து வேலையாத் தெரியல, பெரிய கைத்திறமைதான். ஆனா நீங்க தொப்பையைக் குறைக்கச் சொன்னா முதல்ல போறது அந்தத் துளிதான். சுத்தமான கோணத்துல, பளபளன்னு, நிறமே இல்லாத ஒரு கல் கைக்கு வரும். அதனால வெட்டக் குடுக்கிறதுக்கு முன்னாடி கல்லை வெள்ளைக் கிண்ணத்துல தண்ணிக்குள்ள போட்டுப் பக்கவாட்டுல பாருங்க. நிறம் எங்க உட்கார்ந்திருக்குன்னு புரிஞ்சிடும்.

அடுத்தது காசு. கேரட் 20,000 ரூபாய்னு 3 கேரட் கல் வாங்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 60,000. மறுபடி வெட்டினதும் 2.2 கேரட் ஆனா, வெட்டுக்கூலி சேர்க்காமலே கேரட் 27,000-ஐத் தாண்டிடுச்சு. இதோட, 2 கேரட், 3 கேரட் மாதிரி முழு எண்ணைத் தொடுற இடத்துல கேரட் விலையே ஏறுறது சந்தை வழக்கம். நீங்க அந்தப் படியிலேருந்தும் இறங்கிட்டீங்க. கஸ்டம் கட் கல் ஏன் விலை அதிகம்னு கேட்டா பதில் இதேதான். கச்சாக் கல்லுலேருந்து கோணம் பார்த்து வெட்டுறப்போ பல நேரம் மூணுல ஒரு பங்குகூட மிஞ்சாது. தூளாப் போனதுக்கும் அந்த விலைக்குள்ள காசு இருக்கு.

முதல் முறை வெட்டச் சொல்றவங்களுக்கு என் சிபாரிசு அமெதிஸ்ட், சிட்ரின் மாதிரி குவார்ட்ஸ் வகை. அதுல ஒளிவிலகல் எண் குறைவு, சுமார் 1.55. அதனால அடிப்பட்டைக்கு 40 டிகிரிக்கு மேலயே சாய்வு வேணும். மொத்தமா வெட்டித் தள்ளுற மலிவுக் கல்லுல இதைப் பெரும்பாலும் பார்க்கிறதில்ல, அதனால நல்ல வெட்டோட வித்தியாசம் பளிச்சுனு தெரியும். கச்சாக் கல்லும் விலை குறைவு, தப்பினா வயிறு எரியாது.

நீலக்கல்தான்னு முடிவு பண்ணிட்டா, வெட்டுக்கு முன்னாடியே லேப் ரிப்போர்ட் எடுங்க. சூடுபடுத்தின கல்லா, இல்லையாங்கிறதுல விலையே மாறும். வெட்டினப்புறம் எடையும் அளவும் மாறிடும், பழைய ரிப்போர்ட் அந்தக் கல்லோட பொருந்தாது. விற்க நினைச்சா புதுசு எடுக்கணும், அந்தச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க. அப்புறம், சக்கரத்துல வைக்கும்போது கல் உடைஞ்சா யார் பொறுப்பு, குறைஞ்சது எத்தனை கேரட் மிஞ்சும், கூலி கல்லுக்கா கேரட்டுக்கா — இந்த மூணையும் வெட்டுறவர்கிட்ட வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிட்டுக் கல்லைக் குடுங்க.