உப்புக்கு அஞ்சாத நுண்ணுயிர், மண்ணில் மக்கும் நெகிழி

ஊறுகாயும் கருவாடும் மாதக்கணக்கில் கெடுவதில்லையே, ஏன்? உப்பு மிகுந்த இடத்தில் சாதாரணக் கிருமிகள் நீரை இழந்து வளர முடியாமல் போகின்றன. நம் பாட்டிமார் அறிந்த இந்த உண்மைதான் இன்று உயிர்நெகிழித் தொழிலின் செலவைக் குறைக்க உதவுகிறது.

நுண்ணுயிர்களைக் கொண்டு நெகிழி தயாரிப்பது புதிய எண்ணமல்ல. நாம் கொழுப்பைச் சேமிப்பதுபோல், சில பாக்டீரியாக்கள் உணவு மிஞ்சும்போது பி.எச்.ஏ. என்ற நெகிழித் துகள்களை உடலுக்குள் சேமிக்கின்றன. பிரான்சின் பாஸ்டர் நிலையத்தில் மோரிஸ் லெமுவான் 1926இலேயே இவ்வகைப் பொருள் ஒன்றைக் கண்டறிந்தார். மண்ணிலும் கடலிலும் மக்கும் நெகிழி இது. ஆனால் விலைதான் தடை. கலனையும் நீரையும் 121 பாகை நீராவியில் கிருமி நீக்க வேண்டும். வெளிக்கிருமி புகுந்தால் ஒரு கலன் முழுதும் பாழ்.

சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகப் பேராசிரியர் சென் குவோசியாங் வேறு வழி கண்டார். சின்ஜியாங்கின் உப்பு ஏரி ஒன்றில் அவர் குழு எடுத்த ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியா, லிட்டருக்கு 60 கிராம் உப்பும் பி.எச். 9 காரமும் உள்ள நீரில் செழிக்கிறது. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம்தான். மற்ற கிருமிகள் அங்கே தலைகாட்டுவதில்லை. கிருமி நீக்கமும் தேவையில்லை. 14 நாள் இடைவிடாமல் திறந்த முறையில் வளர்த்துக் காட்டி, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு மரபணுவிலும் கைவைத்தார்கள். பாக்டீரியா மிகச் சிறியது. நீரிலிருந்து பிரிப்பது செலவு. செல் பிளவைத் தடுத்ததும் அது நூல்போல் நீண்டு, எளிதில் அடியில் படிந்தது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது. ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் குமார் சுதேஷ் பல்லாண்டுகளாக பி.எச்.ஏ. ஆய்வு செய்கிறார். அவருடைய பாக்டீரியா உப்பை விரும்புவதல்ல. செம்பனை எண்ணெயை உண்பது. செல்லுக்குள் இருக்கும் நெகிழியை எடுக்க ரசாயனக் கரைப்பான் வேண்டுமே? அவர் குழு உலர்ந்த பாக்டீரியாவை மாவுப் புழுக்களுக்குத் தீனியாகப் போட்டது. புழு புரதத்தைச் செரித்து, நெகிழியை எச்சமாக வெளியேற்றிவிடுகிறது!

சுங்கை சிப்புட் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பால்மரத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்டணம் போயின. அந்த எண்ணெயிலிருந்து நெகிழி செய்யும் ஆய்வகத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசனில் உயிரியலும் வேதியியலும் எடுக்கும் மாணவர்களுக்கு இது எட்டாத துறையல்ல.

செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. உப்பு முறையில் நெகிழியை எடுத்தபின் மிஞ்சும் உப்புநீரை ஆற்றில் விட முடியாது. மீன்களும் பயிர்களும் தாங்கா. அதே நீரை அடுத்த முறை வளர்ப்புக்கே திரும்பப் பயன்படுத்தும் சோதனைகள் நடக்கின்றன.