மணியை நிறுத்தும் முன் புகையைத் தேடுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் நம்மில் பலர் முதலில் என்ன சொல்கிறோம்? "யாராவது அதை நிறுத்துங்களேன்!" வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்கும் மணி அடிக்கும், அடுப்பில் கருகிய சட்டிக்கும் அடிக்கும். புகையை உணரும் கருவிக்கு எது சாமி புகை, எது ஆபத்தான புகை என்று தெரியாது. அதை நாம்தான் நேரில் பார்த்து அறிய வேண்டும்.

காவலாளி அறைப் பக்கம் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் முக்கியமாக மூன்று பொத்தான்கள் உண்டு. முதலாவது, பெட்டிக்குள் கூவும் ஒலியை மட்டும் அடக்கும். இரண்டாவது, கட்டடம் முழுவதும் அடிக்கும் மணியை நிறுத்தும். மூன்றாவது, அமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். மணி நின்றாலும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அமைப்பு இன்னும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படவில்லை என்பதே அதன் பொருள். ஒருவர் கண்ணாடியை உடைத்து மணி அடித்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் மூன்றாவது பொத்தானை அழுத்திப் பயனில்லை.

முறை இதுதான். எந்தப் பகுதியின் விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பணியாளர் அங்கே சென்று சோதிக்க வேண்டும். அதுவரை மணி அடிக்கட்டும். குடியிருப்பாளர்கள் அந்த முடிவுக்காகக் காத்திராமல் படிக்கட்டு வழியே இறங்க வேண்டும். மின்தூக்கி வேண்டாம். புகையோ தீயோ தென்பட்டால் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.

மணியோடு விட்டு விட்டு மின்னும் விளக்கும் சில கட்டடங்களில் உண்டு. அது யாருக்காக? பிரிக்பீல்ட்ஸை எண்ணிப் பாருங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்ற பலர் அந்த வட்டாரத்தில் வாழ்ந்து தொழில் செய்கிறார்கள். அவர்களுக்கு மணிதான் எச்சரிக்கை. காது கேளாதவருக்கோ விளக்குதான் எச்சரிக்கை. மணியை மட்டும் நிறுத்திவிட்டு விளக்கை மின்ன விட்டால், ஒருவர் ஆபத்து நீங்கியது என்று திரும்புவார். மற்றவர் ஆபத்து என்று ஓடுவார். ஆகவே, சோதித்து உறுதி செய்த பிறகே இரண்டையும் ஒன்றாக நிறுத்த வேண்டும். விளக்கு இல்லாத கட்டடத்தில், காது கேளாத அண்டை வீட்டாருக்கு யார் தகவல் சொல்வது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். கதவைத் தட்டினால் அவருக்குக் கேட்காது.

தொல்லை தாங்காமல் அமைப்பையே முடக்கி வைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. அடிக்கடி பொய்யாக அடிக்கும் மணியும் "புலி வருது" கதையாகிவிடும். 2000 ஜனவரியில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் மணி அடித்தும், வழக்கமான பொய் மணி என்று பலர் அறையிலேயே இருந்தனர். மூன்று மாணவர்கள் மாண்டனர். 2025 நவம்பர் 26-இல் ஹாங்காங்கின் வாங் ஃபுக் கோர்ட் அடுக்குமாடிகளில் தீ பரவியபோது 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்குள்ள எட்டுக் கட்டடங்களிலும் எச்சரிக்கை மணி முறையாக இயங்கவில்லை என்று பின்னர் தெரியவந்தது.

கோலாலம்பூரானாலும் கிள்ளானானாலும், உங்கள் குடியிருப்பின் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மணி கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? எந்தப் பகுதியாவது முடக்கப்பட்டுள்ளதா? இரவுக் காவலாளிக்கு அந்தப் பொத்தான்களின் வேறுபாடு தெரியுமா? பதில் வரும்வரை விடாதீர்கள்.