பயிற்சி வாளைப் பார்த்து வாங்குங்கள்



சிலம்பம் பழகும் பிள்ளைக்குக் கம்பு தேடும்போது என்ன செய்கிறோம்? அவன் உயரத்துக்குப் பொருந்துமா என்று நிறுத்திப் பார்க்கிறோம், வளைத்துப் பார்க்கிறோம், விரிசல் இருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். வாள்வீச்சுக்கு வாள் வாங்கும்போதும் இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

வாள்வீச்சு நமக்கு எட்டாத விளையாட்டு அன்று. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே மலேசியாவின் ரோனி தெசேரா பங்குகொண்டார். சென்னைப் பெண் பவானி தேவி, வாளின் விலை அதிகமென்பதால் தொடக்கத்தில் மூங்கில் கழியால் பழகியவர். 2021-இல் அவர் அதே டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார்.

புதிதாகப் பழகுவோர் பலர் முதலில் எடுப்பது 'ஃபாயில்' என்னும் வாள். இது வெட்டும் வாள் அன்று. முனையால் மட்டுமே தொட வேண்டும். அதன் அலகு மெல்லிய எஃகுக் கம்பி போன்றது. பயிற்சி வாளின் மழுங்கிய முனைக்கு ரப்பர் குமிழ் மாட்டுவார்கள். மின்கம்பி பதித்த அலகு போட்டிக்கு உரியது. தொடக்கத்தில் அந்தச் செலவு வேண்டாம்.

முதலாவது, நீளம். பெரியவர்களுக்குரிய 5-ஆம் எண் அலகு 90 சென்டிமீட்டர் நீளமுள்ளது. சிறுவர்களுக்கு 0, 2 என்ற எண்களில் குட்டையான அலகுகள் உண்டு. வளரும் பிள்ளைதானே என்று, சட்டை எடுப்பதுபோல் பெரிதாக வாங்காதீர்கள். முனை கனத்தால் மணிக்கட்டு சோர்ந்து, பழக்கமே கெட்டுவிடும்.

இரண்டாவது, வளைவு. அலகை 70 சென்டிமீட்டர் தூரத்தில் இறுக்கி, முனையருகே 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால், முனை 5.5 முதல் 9.5 சென்டிமீட்டர் வரை தாழ வேண்டும் என்பது போட்டி விதி. அதிகம் விறைத்த அலகு எதிராளியை நோகச் செய்யும். அதிகம் துவளும் அலகு குறி தவறும். வாத்தியாரிடம் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் மடங்காமல், சீராக வில்போல் வளைய வேண்டும்.

மூன்றாவது, குறை. இதுதான் உயிர் காப்பது. 1982-இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில், எதிராளியின் ஃபாயில் அலகு உடைந்து முகக்கவசத்தைத் துளைத்ததால், சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே அந்தக் கதி! அதன்பின் பன்னாட்டுப் போட்டிகளில், விரிசல் மெதுவாகப் பரவும் 'மாரேஜிங்' எஃகு அலகும் உறுதியான கவசமும் கட்டாயமாயின.

அந்த எஃகு விலை கூடியது; அதுவும் உடையாதது அன்று. தொடக்கப் பயிற்சிக்குச் சாதாரண எஃகு அலகு போதும். மிஞ்சும் வெள்ளியை நல்ல முகக்கவசத்துக்குச் செலவிடுங்கள். துரு, கீறல், கூர்மையாக மடிந்த இடம் ஏதும் தெரிந்தால் அலகை மாற்றிவிடுங்கள். உடைந்ததைப் பற்றவைத்துத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

கிள்ளானிலிருந்தாலும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தாலும், பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் ஒன்றை மனத்தில் வையுங்கள். விலை உயர்ந்த வாள் வீரனை ஆக்குவதில்லை. பொருத்தமான வாளும், விளையாட்டுக்குக்கூடக் கவசமின்றி வாளெடுக்காத ஒழுக்கமுமே அவனைக் காக்கும்.