மைக் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க: ஒரு ரூபாய் செலவில்லாம ஆடியோ எடிட்டிங்



வேலைக்குச் சேர்ந்து ஒன்னு ரெண்டு வருஷம் ஆனதும் நம்மள்ல பல பேருக்கு ஒரு ஆசை வரும். சொந்தமா ஒரு யூடியூப் சேனல், ஒரு பாட்காஸ்ட், இல்லைன்னா யாருக்காவது வாய்ஸ் ஓவர் பண்ணிக் கொடுத்து மாசம் கொஞ்சம் சைடு இன்கம். நல்ல ஆசைதான். ஆனா அந்த ஆசை வந்த அன்னைக்கு ராத்திரியே ஷாப்பிங் ஆப்பைத் திறந்து மைக் தேட ஆரம்பிச்சிடுறோம். அடுத்து எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு சந்தா. அதுக்கும் அடுத்து ஒரு ஆன்லைன் கோர்ஸ். குரல் ஒரு நிமிஷம்கூட பதிவாகி இருக்காது, இஎம்ஐ மட்டும் ஓட ஆரம்பிச்சிருக்கும்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒன்னுதான். முதல் பத்து ஆடியோவை முழுசா முடிக்கிற வரைக்கும் ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாதீங்க. அதுக்குத் தேவையானது பெரும்பாலும் ஏற்கனவே உங்க வீட்டுல இருக்கு.

முதல்ல பணக் கணக்கு

உதாரணத்துக்கு, உங்க சம்பளம் 25,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம். கணக்குப் போட்டா உங்க ஒரு மணி நேர உழைப்பு ஏறக்குறைய 120 ரூபாய். இப்போ 6,000 ரூபாய் மைக்கைப் பாருங்க. அது உங்க 50 மணி நேர உழைப்பு, அதாவது ஆறு நாள் சம்பளத்துக்கும் மேல. பத்து ஆடியோ முடிச்ச ஒருத்தருக்கு அது கருவி. ஒன்னுகூட முடிக்காதவருக்கு அது அலமாரியில தூங்குற ஆறு நாள் சம்பளம்.

"நோ காஸ்ட் இஎம்ஐ தானே"ன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. பல கார்டுகள்ல பிராசஸிங் கட்டணம் இருக்கும். வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும் அந்த வட்டி மேல ஜிஎஸ்டி வரும். பில்லைப் பார்த்தா தெரியும்.

சந்தா விஷயத்துல இன்னும் கவனம் வேணும். மாசாமாசம் பணம் எடுக்கிற திட்டம் எல்லாமே மாசாந்திரத் திட்டம் இல்லை. சிலது ஒரு வருஷ ஒப்பந்தம், பணம் மட்டும் மாசாமாசம் போகும். நடுவுல நிறுத்தினா அபராதம். அடோபி நிறுவனம் இந்த மாதிரி நிறுத்தல் கட்டணத்தை வாடிக்கையாளருக்குச் சரியா சொல்லலைன்னு 2024 ஜூன்ல அமெரிக்க அரசே வழக்குப் போட்டுச்சு. அதனால எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் ஆட்டோபே போடுறதுக்கு முன்னாடி "இதை எப்படி நிறுத்துறது?"ங்கிற பக்கத்தை முதல்ல படிங்க.

இலவசமா என்ன இருக்கு?

ஆடாசிட்டி. 1999-ல அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல டொமினிக் மாசோனி, ராஜர் டானன்பர்க்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச வேலை இது. 2000-ல பொதுமக்களுக்கு வந்துச்சு. 2021-ல மியூஸ் குரூப் வாங்கினாங்க, ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் இலவசம்தான். இது ட்ரையல் வெர்ஷன் இல்லை, 30 நாள் கழிச்சுப் பூட்டிக்காது, ஆடியோ மேல வாட்டர்மார்க் எதுவும் போடாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். மொபைல்ல ஓடாது. கிளவுட்ல சேமிக்க ஒரு கணக்கு தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். வேண்டாம்னா விட்டுடுங்க, எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே சேமிக்கலாம். மேக் வச்சிருக்கிறவங்களுக்கு கராஜ்பேண்டும் இலவசம்.

இந்தியாவோட முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல ஆரம்பிச்சது நம்ம நாகர்கோவில்லதான். அந்தக் காலத்து வானொலியில எடிட்டிங்னா, டேப்பை பிளேடால வெட்டி ஒட்டுற வேலை. தப்பா வெட்டினா திரும்ப ஒட்டித்தான் சரி பண்ணணும். இப்போ அதே வேலைக்கு கண்ட்ரோல் + இசட் போதும். அதனால பயப்படாம கை வைங்க.

இங்கதான் ஒரு பெரிய ஆபத்து

விலை அதிகமான சாஃப்ட்வேரை "கிராக்" பண்ணி ஓசியில தர்ற தளங்கள் இருக்கு. அதை இறக்குற லேப்டாப்லதான் நீங்க நெட் பேங்கிங் பண்றீங்க, டிமேட் கணக்கைத் திறக்கிறீங்க, ஆபீஸ் மெயிலும் பார்க்கிறீங்க. கிராக் ஃபைலை நிறுவும்போது "ஆன்டிவைரஸை அணைச்சிடுங்க"ன்னு சொல்லுவாங்க. யோசிச்சுப் பாருங்க, பூட்டைக் கழட்டி வச்சிட்டு திருடனை வீட்டுக்குள்ள விடுற வேலை அது. பாஸ்வேர்டைத் திருடுற மால்வேர் பரவுற வழிகள்ல இதுவும் ஒன்னு. சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த சேமிப்பையும் பணயம் வைக்காதீங்க.

இலவச சாஃப்ட்வேர்லயும் இதே கவனம் வேணும். கூகுள்ல தேடினா மேல வர்ற விளம்பர லிங்க்கைக் கிளிக் பண்ணாதீங்க. அதிகாரப்பூர்வ தளம் ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க். அங்க இருந்து மட்டும் இறக்குங்க. ஆபீஸ் லேப்டாப்ல எதையும் நிறுவ வேண்டாம், அது கம்பெனி சொத்து.

மைக்கை விட அறை முக்கியம்

நான் இருக்கிறது இரணியல். எங்க மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரை மேல மழை விழும்போது எந்த மைக் வச்சாலும் மழைதான் பதிவாகும். அது போக ஸ்டேஷன் பக்கம் ரயில் ஹாரன், கோயில் கொடை நேரத்துல ஸ்பீக்கர், சர்ச் திருவிழா நேரத்துல இன்னொரு ஸ்பீக்கர். இதுக்கு நடுவுல வேலை செய்யணும்னா நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கணும். ராத்திரி பத்து மணிக்கு மேல, இல்லைன்னா விடியக்காலை. உங்க ஊர்லயும் இதுமாதிரி ஒரு அமைதியான நேரம் இருக்கும், ஒரு வாரம் கவனிச்சா பிடிபடும்.

அறைக்குள்ள செய்ய வேண்டியது நாலு விஷயம்:

1. ஃபேனை நிறுத்துங்க. அஞ்சு நிமிஷம் வேர்த்தாலும் பரவாயில்ல.
2. காலி அறை வேண்டாம். கட்டில், மெத்தை, துணி அலமாரி இருக்கிற அறையா பாருங்க. துணி எதிரொலியைக் குடிச்சிடும். அலமாரிக் கதவைத் திறந்து வச்சு, துணிகளைப் பார்த்துப் பேசினா வித்தியாசம் உடனே தெரியும்.
3. மைக் வாயில இருந்து ஒரு சாண் தூரத்துல இருக்கட்டும். நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல. "ப", "ப்ப" சொல்லும்போது காத்து மைக்ல அடிக்காது.
4. புளூடூத் இயர்போன் மைக் வேண்டாம். மைக் வேலை செய்யும்போது பெரும்பாலும் ஒலித்தரம் போன் கால் மாதிரி இறங்கிடும். வயர் இயர்போன் நல்லது.

போன்ல பேசிப் பதிவு பண்ணி அதை லேப்டாப்புக்கு மாத்தியும் எடிட் பண்ணலாம். ஒரு சின்னச் சிக்கல் வரும். பல போன்கள் எம்4ஏ ஃபைலா சேமிக்கும், விண்டோஸ்ல ஆடாசிட்டி அதை நேரடியா திறக்காது. போன் ரெக்கார்டர் செட்டிங்ல வேவ்னு மாத்த முடிஞ்சா மாத்துங்க. முடியலைன்னா எஃப்எஃப்எம்பெக்னு ஒரு துணை மென்பொருள் நிறுவணும். அதுவும் இலவசம், ஆடாசிட்டியோட உதவிப் பக்கத்துல வழி இருக்கு.

முதல் ஆடியோ: படிப்படியா

அஞ்சு நிமிஷ ஆடியோ போதும். உங்க முதல் சம்பளத்தை எப்படிச் செலவு பண்ணீங்கன்னு பேசுங்க, தலைப்பு தேட வேண்டியதில்லை. வெர்ஷனைப் பொறுத்து மெனு கொஞ்சம் இடம் மாறி இருக்கலாம், பெயர் இதேதான்.

படி 1. ஆடாசிட்டியில மோனோ தேர்ந்தெடுங்க. ஒரு ஆள் குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. சாம்பிள் ரேட் 44,100 ஹெர்ட்ஸ்.

படி 2. சிவப்பு பட்டனை அழுத்தின உடனே பேசாதீங்க. அஞ்சு நொடி சும்மா இருங்க. உங்க அறையோட சத்தம் மட்டும் பதிவாகட்டும், பின்னாடி தேவைப்படும். பேசும்போது மீட்டர் மைனஸ் 12-ல இருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள்ள ஆடணும். 0-வைத் தொட்டா குரல் கிழிஞ்சிடும், அதை எந்த எஃபெக்டும் முழுசா சரி பண்ணாது.

படி 3. பேசும்போது தப்பு வந்தா நிறுத்தாதீங்க. ஒரு தடவை கை தட்டிட்டு அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்க. எடிட் பண்ணும்போது அலையில அந்தக் கைதட்டல் ஈட்டி மாதிரி நிக்கும், தப்பு எங்கன்னு தேட வேண்டியதில்லை.

படி 4. முதல்ல சேவ் ப்ராஜெக்ட். இது எடிட் பண்றதுக்கான ஃபைல், ஆடாசிட்டியில மட்டும்தான் திறக்கும். இதை அப்படியே அடுத்தவங்களுக்கு அனுப்பினா அவங்களால கேட்க முடியாது.

படி 5. இரைச்சலைக் குறைக்கணும். அந்த அஞ்சு நொடி அமைதியை மட்டும் செலக்ட் பண்ணி, எஃபெக்ட் மெனுவுல நாய்ஸ் ரிடக்ஷன் போய், கெட் நாய்ஸ் புரொஃபைல் அழுத்துங்க. அப்புறம் மொத்த ஆடியோவையும் செலக்ட் பண்ணி திரும்ப அதே எஃபெக்டைப் போடுங்க. 6-ல இருந்து 12 டெசிபல் வரைக்கும் போதும். ஆசைப்பட்டு ஏத்தினா குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடும்.

படி 6. கைதட்டின இடங்களுக்குப் போய், தப்பான வாக்கியத்தை செலக்ட் பண்ணி டெலிட். நீளமான இடைவெளிகளைக் குறைங்க, ஆனா மூச்சு விடுற எல்லா இடத்தையும் வெட்டாதீங்க. வெட்டினா இயந்திரம் பேசுற மாதிரி கேட்கும்.

படி 7. எஃபெக்ட் மெனுவுல நார்மலைஸ், மைனஸ் 1 டெசிபல். குரல் போதுமான சத்தத்துக்கு வரும்.

படி 8. எக்ஸ்போர்ட். வீடியோவுல சேர்க்க வேவ், வாட்ஸ்அப்ல அனுப்ப எம்பி3. மோனோ வேவ் ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி.

முடிச்சதும் நல்ல ஹெட்போன்ல கேட்டு சந்தோஷப்படாதீங்க. மறுநாள் வேலைக்குப் போற ரயில்லயோ பஸ்லயோ சாதா இயர்போன்ல கேளுங்க. நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கம் தினமும் போய் வர்றவங்களுக்கு இது சுலபமான பரிசோதனை. கேட்கிறவங்களும் பெரும்பாலும் அப்படித்தான் கேட்பாங்க. அங்க வார்த்தை புரிஞ்சா ஆடியோ பாஸ்.

பின்னணி இசைக்கு சினிமா பாட்டு வேண்டாம். காப்பிரைட் கிளெய்ம் வந்தா அந்த வீடியோ வருமானம் பாட்டு உரிமையாளருக்குப் போகலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில இலவச இசை கிடைக்குது.

எப்போ செலவு பண்ணலாம்?

முதல் ஆடியோவுக்கு எடிட்டிங் மட்டும் ரெண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஒவ்வொன்னுக்கும் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. யாராவது 500 ரூபாய்க்கு வேலை கொடுத்து, அதை முடிக்க உங்களுக்கு 4 மணி நேரம் ஆச்சுன்னா, மணிக்கு 125 ரூபாய். மேல போட்ட சம்பளக் கணக்குக்கே சமம். அதே வேலை ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சா மணிக்கு 333 ரூபாய். மைக் எதுவும் மாறல, கை வேகம் மட்டும்தான் மாறிச்சு. முதல் கட்டத்துல பணத்தை விட பழக்கம்தான் லாபம் தரும்.

பத்து ஆடியோ முடிச்ச பிறகும் ஆசை இருக்கா? அப்போ மைக் வாங்குங்க. அதையும் இஎம்ஐ-ல வேண்டாம், இந்த வேலையில வந்த காசுல இருந்து வாங்குங்க. வரலைன்னா மாசம் 500 தனியா எடுத்து வச்சு வாங்குங்க. எமர்ஜென்சி ஃபண்டையும் எஸ்ஐபி-யையும் தொடக் கூடாது. மூணாவது ஆடியோவுலயே சலிச்சுப் போச்சா? அதுவும் நல்லதுதான். இது நமக்கு வேண்டாம்னு இலவசமா தெரிஞ்சுக்கிட்டீங்க.

காசு வர ஆரம்பிச்சா

யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர், அதோட 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை வேணும் (ஷார்ட்ஸுக்குத் தனி அளவு). அதனால அதை நம்பி எந்தக் கடனும் வாங்காதீங்க.

வாய்ஸ் ஓவர், எடிட்டிங் மூலமா வர்ற பணமும் வருமான வரிக் கணக்குல வரணும். சம்பளம் மட்டும் இருக்கிறவங்க போடுற ஐடிஆர்-1 அப்போ பொருந்தாது, தொழில் வருமானத்துக்கான படிவம் வேணும். அதனால முதல் ரூபாயில இருந்தே பில், பேங்க் வரவு எல்லாத்தையும் எடுத்து வைங்க. இன்னொன்னு, உங்க வேலை ஒப்பந்தத்தைத் திறந்து, வெளி வேலை பண்ணலாமா, எழுத்துல அனுமதி வாங்கணுமான்னு பாருங்க. 500 ரூபாய் வேலைக்காக 25,000 ரூபாய் வேலை போயிடக் கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஆடாசிட்டி இறக்குங்க, ஃபேனை நிறுத்துங்க, அஞ்சு நிமிஷம் பேசுங்க. படி 5-ஐ கம்ப்யூட்டர்லயே செஞ்சு காட்டுற வீடியோ வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, நம்ம சேனல்ல போட்டுடலாம். அதுவரைக்கும் ஷாப்பிங் ஆப் கார்ட்ல இருக்கிற அந்த மைக் அங்கேயே இருக்கட்டும்!