பொம்மை டாங்கியும் மெய்ச் சரித்திரமும்

நவராத்திரிக் கொலுவில் வீற்றிருக்கும் செட்டியார் பொம்மையைப் பார்த்து, "இவர் எந்த ஊர்ச் செட்டியார்? எந்த வருஷத்தில் கடை வைத்தார்?" என்று எவரும் கேட்பதில்லை. அது அந்தப் பொம்மையின் பாக்கியம். யுத்த வாகனங்களை அச்சு மாறாமல் சிறிய உருவில் செய்து வைக்கும் கலையில் ஈடுபட்டோருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. எந்தப் படை, எந்த இடம், எந்த மாதம் என்ற கேள்விகளுக்கு விடை காணுமுன் அவர்கள் தூரிகையைக் கையில் எடுத்தல் தகாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? சரித்திரம் எழுதுகிறவருக்கு ஒரு சலுகை உண்டு; தெரியாத இடத்தில் அவர் மௌனமாயிருந்து விடலாம். மாதிரி செய்கிறவருக்கோ அது இல்லை. டாங்கியின் வர்ணம் தெரியாவிட்டாலும் ஏதோ ஒரு வர்ணத்தைப் பூசியே தீரவேண்டும். பூசிய மறுகணம் அது சாட்சியமாகி விடுகிறது. பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் அதைக் காணும் சிறுவன், "இப்படித்தான் இருந்தது" என்று நம்பிவிடுகிறான். புத்தகத்தில் படித்தது மறந்தாலும் கண்ணால் கண்டது எளிதில் மறப்பதில்லை.

நமது தேசத்துச் சரித்திரத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக் கொள்வோம். 1948-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி, கடல் மட்டத்துக்குமேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஜிலாக் கணவாயில் நமது படை ஒரு பெரும் வெற்றி கண்டது. லடாக்குக்குச் செல்லும் வழியை மறித்து எதிரிகள் அங்கே அரண் அமைத்திருந்தனர். செப்டம்பரில் காலாட்படை செய்த முயற்சி பலிக்கவில்லை. அதன் பிறகு மேஜர் ஜெனரல் திம்மையா அந்த உயரத்துக்கு டாங்கிகளையே கொண்டு செல்லத் துணிந்தார். 7-வது லைட் காவல்ரிப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் உறுமிக்கொண்டு ஏறி வந்தபோது எதிரிகள் திகைத்து நிலைகுலைந்தனர். கணவாய் மீண்டது, அம்மாதத்திலேயே கார்கிலும் மீண்டது.

இந்த டாங்கியைச் செய்ய முற்படுவோர், "ஸ்டூவர்ட்" என்று எழுதிய பெட்டியை வாங்கிவிட்டால் போதாது. ஆதி எம்3 வகை ஸ்டூவர்ட்டில் விமானங்களுக்குரிய வட்ட எஞ்சின் இருந்தது; அதன் முன்தகடு படி வைத்தாற்போல் நிற்கும். யுத்த வரலாறுகள் ஜோஜிலாவுக்கு உரியதாகக் கூறும் எம்5 வகையிலோ காடிலாக் மோட்டார் எஞ்சின்கள் இரண்டு. அவற்றுக்கு இடங்கொடுக்கப் பின்தளம் உயர்ந்திருக்கும், முன்தகடு சரிந்திருக்கும். இக்கலையில் பெருவழக்கான 35-ல் ஒரு பங்கு அளவில், 37 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டராகி விடுகிறது. அவ்வளவு சிறிய பொருளிலும் பின்தளத்தின் உயரம் தவறினால், அறிந்தவர் கண்ணுக்கு அது வேறு டாங்கி.

சாட்சிகளை விசாரிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய புகைப்படம் நல்ல சாட்சி. ஆனால் கறுப்பு வெள்ளைப் படம் வர்ணத்தைச் சொல்லாது. சிலவகைப் படச்சுருளில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். காட்சிசாலையில் நிற்கும் டாங்கியைத் தொட்டு அளக்கலாம். ஆனால் அதன்மேல் எத்தனை முறை புது வர்ணம் ஏறியதோ, எந்த உறுப்பு பின்னால் மாற்றப்பட்டதோ! அதே படை பர்மாவில் போரிட்ட காலத்துப் படம் கிடைத்தாலும், அது 1948-ம் வருஷத்துக்குச் சாட்சி ஆகாது. காலத்தாலும் இடத்தாலும் அருகிலுள்ள சாட்சிக்கே மதிப்பு அதிகம் என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய விதியன்று.

ஜோஜிலா விஷயத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வழியிலிருந்த பாலங்கள் பாரம் தாங்க வேண்டும். டாங்கி வரும் செய்தி எதிரிக்கு எட்டாமலும் இருக்க வேண்டும். ஆகவே பீரங்கியுள்ள சுழற்கூண்டுகளைக் கழற்றித் தனியே ஏற்றிக்கொண்டு டாங்கிகள் ஸ்ரீநகர் வழியாகச் சென்றன. ஸ்ரீநகரில் செல்லும் டாங்கிக்குக் கூண்டு வைத்தால் பொய். கணவாயில் போரிடும் டாங்கிக்கு வைக்காவிட்டால் பொய். இரண்டும் ஒரே டாங்கிதான். நாளும் இடமும்தான் வேறு.

அதனினும் முக்கியமானது டாங்கியின் கீழுள்ள மண். கோவேறு கழுதைகள் சென்ற ஒடுங்கிய மலைத்தடத்தை அகலமாக்கி வாகனங்கள் ஏறும் பாதையாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் நமது பொறியியற் படையினர். ஒவ்வோர் ஆணியையும் அளந்து செய்துவிட்டு, வழவழப்பான ரஸ்தாவின்மேல் டாங்கியை நிறுத்துகிறவர் சரியான டாங்கியையும் தவறான சரித்திரத்தையும் செய்தவராகிறார். மண்வெட்டி பிடித்த கைகள் அங்கே மறைந்து போகின்றன. துப்பாக்கி ஏந்தியவரைப் போற்றிப் பாதை வெட்டியவரை மறப்பது புதிய தேசத்துக்கு அழகன்று என்பது நமது அபிப்பிராயம்.

இத்தனை விசாரித்த பின்னும் சில சந்தேகங்கள் தீராமல் நிற்கும். அதற்கும் வழி உண்டு. மாதிரியின் அடிப்பலகையில் ஒரு சீட்டு ஒட்டி, எது ஆதாரத்தால் அறிந்தது, எது அநுமானத்தால் செய்தது என்று இரண்டு வரி எழுதி வைக்கலாம். பார்க்கும் சிறுவன் டாங்கியை மட்டுமன்றி, உண்மையைத் தேடும் முறையையும் கற்றுக்கொண்டு வீடு திரும்புவான்.