உணவு வங்கிக்கு ஒரு பங்கு: மரணசாதனம் எழுதுவோர் கவனத்துக்கு

பிளேஸ்டோவில் தனியாக வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். "எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வீடு தங்கச்சியின்ரை பிள்ளையளுக்குத்தான். ஆனா அதிலை ஒரு பங்கை இஞ்சத்தை உணவு வங்கிக்கு எழுதி வைக்கலாமோ?"

அவர் 2000இல் வந்தவர். அந்த ஏப்ரலில்தான் தஞ்சம் கோரியோருக்குப் பணத்துக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கும் முறை தொடங்கியது. வாரத்தில் பத்துப் பவுணுக்குரிய வவுச்சரை மாத்திரமே காசாக மாற்றலாம். மற்றவற்றுக்குக் கடைக்காரர் மிச்சக்காசு தரக்கூடாது. 2002இல் அது கைவிடப்பட்டது. அதே 2000இல்தான் ட்ரசல் அமைப்பின் முதலாவது உணவு வங்கி சோல்ஸ்பரியில் ஆரம்பமானது. 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் அதன் வலையமைப்பு கொடுத்த பொதிகள் ஏறத்தாழ 29 இலட்சம். அவற்றைப் பெறுவதற்கும் பெரும்பாலும் ஒரு வவுச்சர் வேண்டும். வைத்தியரோ, பாடசாலையோ, ஆலோசனை நிலையமோ தரவேண்டும். வவுச்சருடன் வரிசையில் நிற்பது எப்படியிருக்கும் என்று நண்பருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊரில் நாம் கொண்டுவந்த மனம் வேறு. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமை சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பார்த்தது. மூன்றுமே குடும்பத்தைச் சுற்றி நிற்பவை. மடத்துக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் தர்மசாதனம் எழுதியவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் வாசலில் உபயகாரர் பெயர் இருக்கும். யார் உள்ளே இருந்து உண்ணலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலமும் இருந்தது. அதை நாம் அதிகம் எழுதுவதில்லை.

நண்பர் எதுவும் எழுதாமல் இறந்தால் சட்டம் முதலில் பெற்றோரைத் தேடும். அவர்கள் இல்லையேல் சகோதரரை. உணவு வங்கிக்குச் சல்லிக்காசும் போகாது. எழுதினால், 1837ஆம் ஆண்டின் சட்டப்படி, இரு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது அவர் கையொப்பமிட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் துணைக்கோ ஏதாவது எழுதியிருந்தால் அந்தக் கொடை செல்லாது. மருமகளைச் சாட்சியாக்குவது நம்மவர் வழக்கமாகச் செய்யும் பிழை. பின்னர் திருமணம் செய்தால், அதை எதிர்பார்த்து எழுதியதாக இல்லாவிட்டால், முழுச் சாதனமும் இரத்தாகிவிடும்.

வரிக்கணக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். நண்பரின் வீடும் சேமிப்பும் 425,000 பவுண் என்று வைப்போம். 325,000 வரை வரியில்லை. மிஞ்சிய 100,000இல் நாற்பது வீதம், அதாவது 40,000, வரியாகப் போகும்; மருமக்களுக்கு 385,000. அந்த 100,000இல் பத்து வீதத்தைத் தர்ம நிறுவனத்துக்கு எழுதினால், 2012இலிருந்து மீதிக்கான வரி 36 வீதமாகக் குறைகிறது. 90,000க்கு வரி 32,400. மருமக்களுக்கு 382,600. உணவு வங்கிக்கு 10,000 கொடுக்க அவர்கள் இழப்பது 2,400 மாத்திரமே. (வீடு சொந்தப் பிள்ளைகளுக்குப் போகுமானால் மேலும் 175,000 வரை வரியற்றது, அப்போது பலருக்கு இந்தக் கணக்கே எழாது.) ஒரு எச்சரிக்கை: சலுகை இந்நாட்டுத் தர்ம நிறுவனங்களுக்கே. யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு நேரடியாக எழுதினால் கிடையாது. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து, இங்கே நீண்டகாலம் வதிந்தவரின் ஊர்க்காணியும் வரிக்கணக்கில் சேரும்.

பிள்ளைகள் உள்ளவர்கள் வழக்கு வருமோ என்று அஞ்சுவார்கள். 2004இல் இறந்த ஒரு தாய் தன் 486,000 பவுணில் பெரும்பகுதியை விலங்கு, பறவை நல நிறுவனங்களுக்கு விட்டார். மகள் வழக்காடினார். 2017இல் உச்ச நீதிமன்றம் மகளுக்கு 50,000 பவுணையே உறுதிசெய்தது. மருமக்களுக்கோ, இறந்தவரில் தங்கி வாழ்ந்தாலன்றி, வழக்காடும் உரிமையே இல்லை.

அரசின் கடமையை நாம் ஏன் சுமக்கவேண்டும் என்று இதைப் படிக்கும் தோழர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. பிளேஸ்டோ அன்று வெஸ்ற்ஹாமின் ஒரு பகுதி. அங்கே தேர்தலில் வந்த ஏழைநலச் சபை நிவாரணத்தைத் தாராளமாகக் கொடுத்தது என்பதற்காக 1926 யூலையில் அரசு அதை நீக்கித் தன் ஆட்களை நியமித்தது. அவர்கள் நிவாரணத்தை வெட்டினார்கள். இந்தத் தெருக்களில் சோறு உரிமையாகக் கேட்கப்பட்டது. தர்மமாகக் கொடுக்கப்படுவது பின்னடைவுதான். ஆனாலும் இன்றிரவு பசித்திருப்பவருக்கு அந்த வாதம் உதவாது. ஆகவே என் யோசனை: "உணவு வாங்க" என்று பணத்தைக் கட்டிப்போட வேண்டாம். "பொது நோக்கங்களுக்கு" என்று எழுதுங்கள். பல உணவு வங்கிகள் கொடுப்பனவு, கடன், வதிவிட உரிமை பற்றிய ஆலோசனையும் நடத்துகின்றன. பொதியில்லாமல் வாழ வழிசெய்வது அதுதான்.

தொகையாக எழுதுவதிலும் பார்க்க மிகுதிச் சொத்தில் வீதமாக எழுதுவது நல்லது. இன்றைய ஆயிரம் பவுண் இருபது வருடத்தில் என்ன வாங்கும்? பெறுநரின் பதிவு இலக்கத்தையும் குறியுங்கள். உள்ளூர் உணவு வங்கிகள் பல ஏதாவது தேவாலயத்தின் கீழேயே இயங்குகின்றன. வாசற்பலகையில் உள்ள பெயர் சட்டத்தின் பெயராக இராது.

நண்பர் எழும்பும்போது கேட்டார்: "நான் சாகேக்கை அது மூடியிருந்தா?" மூடவேண்டும் என்றுதானே நாம் விரும்புகிறோம் என்றேன். சிரித்தார். அதற்கும் ஒரு வரி உண்டு: அந்நிறுவனம் அப்போது இல்லாவிடில், நியூஹாமில் ஒத்த நோக்கமுள்ள வேறொரு தர்ம நிறுவனத்தை நிறைவேற்றுநர்கள் தெரியலாம். அதைச் சொலிசிற்றரிடம் சொல்லிச் சேர்க்கும்படி கடதாசியில் குறித்துக் கொடுத்தேன்.