புல்வெளியா, குடிமனையா?

நகரங்கள் வளர்கின்றன, நிலமோ வளர்வதில்லை. ஆகவே, நகரின் நடுவே பரந்து கிடக்கும் காணி ஒவ்வொன்றின் மீதும் என்றேனும் ஒருநாள் கட்டடம் எழுப்புவோரின் பார்வை விழுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல நகரங்களில் மூடப்பட்ட கோல்ப் மைதானங்கள் இவ்வாறு வீடமைப்புக்கென விலைக்கு வந்துள்ளன. அங்கெல்லாம் அயலில் வாழ்வோர் எதிர்த்து நிற்பது வழமை. அவ்வெதிர்ப்பில் தன்னலம் எவ்வளவு, பொதுநலம் எவ்வளவு என்பதை ஆராய்வதற்கு, கொலராடோ மாநிலத்தின் தலைநகரான டென்வரில் எழுந்த பார்க் ஹில் பிணக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

பார்க் ஹில் கோல்ப் மைதானம் நகரின் வடகிழக்குப் பகுதியில் 155 ஏக்கர் பரப்புடையது. 1899 இல் காலமான ஜோர்ஜ் கிளேட்டன் என்னும் வணிகர், ஆதரவற்ற சிறுவர்களின் நலனுக்காகத் தம் செல்வத்தை விட்டுச் சென்றார். அவர் பெயரால் அமைந்த அறநிதியத்துக்கே இக்காணி நெடுங்காலம் உரியதாக இருந்தது. 1930களின் தொடக்கத்தில் இங்கே கோல்ப் ஆட்டம் தொடங்கியது.

1997 இல் டென்வர் மாநகரம் ஒரு புதுமையான ஏற்பாட்டைச் செய்தது. காணியை வாங்காமல், அதன்மேல் கட்டடம் எழுப்பும் உரிமையை மாத்திரம் 2 மில்லியன் டொலர் கொடுத்து அகற்றியது. காணி உரிமையாளரிடமே இருக்கும். ஆயினும் அது திறந்தவெளியாகவே, கோல்ப் மைதானமாகவே, இருத்தல் வேண்டும். காணி எத்தனை கை மாறினாலும் இக்கட்டுப்பாடு அதனைத் தொடர்ந்து செல்லும். இதனை நிலப் பாதுகாப்புப் பிணைப்பு எனலாம். பிணக்கு முழுவதற்கும் அச்சாணி இதுவே.

2018 இன் முடிவில் மைதானம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில் நிலமேம்பாட்டு நிறுவனம் ஒன்று அதனை 24 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள், அவற்றுள் ஏறத்தாழ காற்பங்கு குறைந்த வருவாயினர்க்கு ஏற்ற விலையில். நூறு ஏக்கர் அளவில் பொதுப் பூங்கா. பலசரக்குக் கடைக்கு ஓரிடம் என்பன அந்நிறுவனம் முன்வைத்த திட்டத்தில் அடங்கின. பிணைப்பை நீக்கினாலன்றி இவற்றுள் எதனையும் செய்தல் இயலாது.

குடியிருப்பாளரிடையே எதிர்ப்பு எழுந்தது. பிணைப்பு ஏற்பட்ட காலத்தில் மாநகர முதல்வராயிருந்த வெலிங்டன் வெப் எதிர்ப்பாளரின் முன்னணியில் நின்றார். அவர்களுடைய நியாயம் இரு வகைப்பட்டது. முதலாவது, நிலத்தைப் பற்றியது. டென்வரின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 15 அங்குலமே. அங்கே மரங்கள் தாமாகச் செழிப்பதில்லை; நீரூற்றி வளர்த்த நிழலை ஒருமுறை இழந்தால் மீட்பது அரிது. இரண்டாவது, பொதுப்பணத்தைப் பற்றியது. கட்டுப்பாடுள்ள காணிக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்கியவர், கட்டுப்பாடு நீங்கியதும் பன்மடங்கு மதிப்புள்ள காணிக்கு உடைமையாளர் ஆவார். மக்கள் பணம் கொடுத்துப் பெற்ற உரிமையை இவ்வாறு விட்டுக்கொடுப்பது முறையாகுமா என அவர்கள் வினவினர்.

மறுபக்கத்து நியாயமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. டென்வரில் வீட்டு விலையும் வாடகையும் ஏறிக்கொண்டே சென்றன. கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அயலிலிருந்து அவர்தம் பிள்ளைகளே வெளியேற நேர்ந்தது. வேலியிட்டு அடைத்த வெற்றுப் புல்வெளியால் வீடற்றோர்க்கு என்ன பயன் என்று திட்டத்தை ஆதரித்தோர் கேட்டனர். வீடமைப்புத் தொண்டு நிறுவனங்களும் அவர்களுடன் சேர்ந்தன. திறந்தவெளியைக் காக்க எழுவோர் ஏற்கெனவே வீடுடையவர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

தீர்ப்பு மக்களிடமே விடப்பட்டது. நகர வாக்காளரின் பெரும்பான்மை இசைவின்றி இத்தகைய பிணைப்பை நீக்கலாகாது என்ற விதி 2021 நவம்பரில் வாக்கெடுப்பால் நிறைவேறியது. 2023 ஏப்பிரலில், பிணைப்பை நீக்கலாமா என்ற வினா வாக்காளர்முன் வந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் வேண்டாமென்றனர்.

எதிர்ப்பாளர் வென்றனர்; எனினும் பூங்கா வந்துவிடவில்லை. காணி தனியார் உடைமையாகவே அடைபட்டுக் கிடந்தது. வாக்கெடுப்பு, கட்டடத்தைத் தடுத்ததேயன்றி வேறொன்றையும் ஆக்கவில்லை. 2025 சனவரியில் மாநகர முதல்வர் மைக் ஜோன்ஸ்டன் ஒரு மாற்றுவழியை அறிவித்தார். அயலிலுள்ள ஆடம்ஸ் மாவட்டத்தில் நகருக்கு உரிய ஏறத்தாழ 145 ஏக்கர் காணியை நிறுவனத்துக்குக் கொடுத்து, பார்க் ஹில் நிலத்தை நகரம் பெறுவதே அது. அந்த ஆண்டிலேயே கைமாற்றம் நிறைவேறி, நிலம் பொதுப் பூங்காவுக்கு உரியதாயிற்று.

இப்பிணக்கு உணர்த்தும் உண்மை தெளிவானது. திறந்தவெளியைக் காத்தது மக்களின் ஆரவாரம் மாத்திரமன்று. கால் நூற்றாண்டுக்கு முன் எழுதி வைத்த உறுதியும், அதனை நீக்கும் அதிகாரத்தை மக்கள் தம் கையில் எடுத்துக்கொண்டமையுமே. ஆயினும் வீடு தேடுவோரின் வினா தீர்ந்துவிடவில்லை. அக்காணியில் எழாத வீடுகள் வேறெங்கேனும் எழவேண்டும். ஓரிடத்தில் வேண்டாமென்று வாக்களித்தோர், அவை எங்கே எழலாம் என்பதையும் கூறும் கடப்பாடு உடையவராவர்.